தங்க நிப்பு என்னும் எளிய வழி: ரத்னம் பேனாவின் புதுமை எங்கே இருக்கிறது?

1. கேள்வி

ராஜமுந்திரியின் ரத்னம் பேனாவைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை இரண்டு பார்வைகளில் அடக்கிவிடலாம். ஒன்று தேசிய இயக்கப் பார்வை. காந்தி பயன்படுத்திய பேனா, சுதேசியின் சின்னம், அந்நியப் பேனாவை எதிர்த்து நின்ற உள்ளூர்ப் பேனா என்று அது சொல்லும். மற்றொன்று சேகரிப்பாளர்களின் பார்வை. அழகான கைவேலைதான், ஆனால் தொழில்நுட்பத்தில் புதிதாக ஒன்றுமில்லை, அமெரிக்கர்கள் 1884இல் செய்து முடித்ததை இங்கே ஐம்பது ஆண்டு பிந்திச் செய்தார்கள் என்று அது சொல்லும்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே பட்டறைக்குள் நுழைந்து பார்ப்பதில்லை. முதல் பார்வைக்குக் காந்தி எழுதிய பாராட்டுக் கடிதம் போதும். இரண்டாவதற்குக் காப்புரிமைப் பட்டியல் போதும். இயந்திரமும் ஆலையும் இல்லாத ஊரில் ஒரு குடும்பம் எழுதுகோலின் எல்லா உறுப்புகளையும் தானே செய்ய வேண்டுமானால் எவற்றையெல்லாம் மாற்றி யோசித்திருக்க வேண்டும்? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

சேலத்திலிருந்து இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1935இல் ராஜமுந்திரியும் சேலமும் ஒரே சென்னை மாகாணத்து ஊர்கள். இன்றைய நாமக்கல் மாவட்டம் அன்று சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி அமைத்த காந்தி ஆசிரமம், கதர் வழியாகச் சுதேசியை இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நடைமுறையாக்கிக்கொண்டிருந்தது. 1929இல் அங்கிருந்துதான் 'விமோசனம்' மதுவிலக்கு இதழ் வெளிவந்தது. கல்கி அதில் பணியாற்றினார். எழுத்தும் கைத்தொழிலும் ஒரே வளாகத்தில் நடந்த இடம் அது. சுதேசிப் பேனா என்பது அப்படிப்பட்ட இடங்களுக்குத் தேவைப்பட்ட பொருள்.

2. கதையும் கடிதமும்

பேனாக் கம்பெனிகள் தம் பிறப்புக்குக் கதை கட்டிக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவின் வாட்டர்மன் ஒரு காப்பீட்டு முகவர் என்றும், ஒப்பந்தத்தின்மேல் மை கொட்டி வாய்ப்பு பறிபோனதால்தான் ஒழுகாத பேனாவைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வந்தது. பேனா வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதற்குச் சமகாலச் சான்று இல்லை என்றும், பின்னாளில் விளம்பரத்துக்காக உருவானது என்றும் காட்டியிருக்கிறார்கள். எனவே ரத்னம் பேனாவின் கதையையும் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

வழக்கமாகச் சொல்லப்படுவது இது. பொற்கொல்லர் தொழிலறிந்த கோசூரி வெங்கட ரத்னம் 1921இல் காந்தியைச் சந்தித்தார். குண்டூசி முதல் பேனா வரை ஏதாவது பயனுள்ள பொருளை இங்கேயே செய்யும்படி காந்தி சொன்னார். 1930களின் தொடக்கத்தில் ரத்னமும் அவர் சகோதரரும் பேனா செய்யத் தொடங்கினார்கள். முதலில் அனுப்பிய பேனாவில் அந்நிய உறுப்புகள் இருந்ததால் காந்தி அதை ஏற்கவில்லை. பிறகு முழுவதும் உள்நாட்டில் செய்த பேனா போய்ச் சேர்ந்தது. பாராட்டுக் கடிதம் வந்தது.

இந்தக் கதையில் ஆவணமாக நிற்பது கடிதம் ஒன்றே. வார்தாவிலிருந்து 1935 ஜூலை 16 தேதியிட்டது அது. அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைச் சேர்ந்த குமரப்பா மூலம் அனுப்பிய பேனா கிடைத்தது, பயன்படுத்திப் பார்த்தேன், கடைத்தெருவில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாகத் தெரிகிறது என்பதே அதன் சாரம். தேதியை அதன் உள்ளடக்கமே உறுதிசெய்கிறது. அந்தச் சங்கம் 1934 டிசம்பரில்தான் வார்தாவில் தொடங்கப்பட்டது. காந்தியின் பாராட்டை 1921 என்றும் 1933 என்றும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சங்கம் பிறப்பதற்கு முன் அதன் பெயர் கடிதத்தில் வந்திருக்க முடியாது.

கடிதத்தின் தொனியும் கவனிக்கத்தக்கது. அது அளந்து பேசுகிறது. முழுச் சுதேசி என்று சான்று தரவில்லை. உலகத் தரம் என்று புகழவும் இல்லை. எழுதிப் பார்த்தவரின் கருத்து என்ற அளவோடு நிற்கிறது. பிற்கால நினைவுகள் அதன்மேல் ஏற்றிய கனம் கடிதத்தில் இல்லை. அதனால் கடிதத்தின் மதிப்பு குறையாது. ஒரு பேனாவைப் பற்றி, அதை வைத்து எழுதியவர் சொன்ன சாட்சியம் என்ற முறையில் அது இன்னும் நம்பகமானது.

இன்னொன்றும் உண்டு. 1921 சந்திப்பு நடந்தது என்றே கொண்டாலும், சொல்லுக்கும் பேனாவுக்கும் இடையே பத்தாண்டுக்கு மேல் இருக்கிறது. கதை அந்தப் பத்தாண்டை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறது. என் பார்வையில் புதுமை முழுவதும் அந்த இடைவெளியில்தான் நிகழ்ந்திருக்க வேண்டும்.

3. தட்டார் பட்டறையில் ஒரு நிப்பு

பேனாவில் கழுத்து, மூடி, உடல் ஆகியவற்றைக் கடைசல் பட்டறை இருந்தால் செய்துவிடலாம். நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கையும் பொறுமை இருந்தால் செதுக்கிவிடலாம். நிப்பு அப்படியல்ல. விரல்நகத்தைவிடச் சிறிய அந்தத் தகடு வளைந்து கொடுத்து நிமிர வேண்டும், மை அரிக்காமல் தாங்க வேண்டும், மயிரிழைப் பிளவை நடுவில் ஏந்த வேண்டும், காகிதத்தில் உரசித் தேயாமலும் இருக்க வேண்டும்.

மேற்கில் இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. மலிவு வழி எஃகு நிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்காம் ஆலைகள் மெல்லிய எஃகுத் தகட்டை உருட்டி, அச்சில் வெட்டி, துளையிட்டு, பதப்படுத்தி, வளைத்து, உரமேற்றி, பிளந்து லட்சக்கணக்கில் வெளியேற்றின. உயர்ந்த வழி தங்க நிப்பு. விலை அதிகம், அந்தஸ்தின் அடையாளம். அந்தக் கணக்கில் எஃகு எளியவருக்கும் தங்கம் செல்வருக்கும் உரியது.

ராஜமுந்திரியில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. எஃகு நிப்புக்கு வேண்டிய சீரான மெல்லிய தகடு, கனமான அச்சுப் பொறி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் உலை ஆகியவற்றை ஒரு குடும்பம் திரட்ட முடியாது. திரட்டினாலும் லட்சக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். துருப்பிடிக்காத எஃகே ஷெஃபீல்டில் 1913இல்தான் உருவானது. அந்த எஃகை மெல்லிய தகடாக உருட்டும் ஆலை எங்கள் சேலத்துக்கு வந்தது 1980களின் தொடக்கத்தில். தங்கமோ தட்டாருக்குக் கை வந்த உலோகம். உருக்கவும், கலக்கவும், தட்டவும், இழுக்கவும், பற்றவைக்கவும் அவரிடம் குறடும் ஊதுகுழலும் வெங்காரமும் இருக்கின்றன. ஒரு நிப்பு செய்வதானாலும் ஒன்றுதான், நூறானாலும் ஒன்றுதான். ஆலைக்கு மூலதனம் தேட வேண்டியதில்லை. நிப்புக்கு வேண்டிய தங்கமும் பொதுவாக அரைக் கிராமுக்குள் அடங்கிவிடும்.

கலப்பிலும் அவருக்குக் கல்வி தேவையில்லை. சுத்தத் தங்கம் வளைந்தால் வளைந்தபடியே கிடக்கும், நிமிராது. செம்பும் வெள்ளியும் சேர்த்து 14 காரட்டாக, அதாவது நூற்றுக்கு 58 பங்கு சொச்சம் தங்கமாக, இறக்கினால் வில்போன்ற துள்ளல் வரும். நகைக்கு எந்த மாற்றில் எவ்வளவு கடினம் என்று தலைமுறையாக அறிந்தவருக்கு, நிப்பின் கடினம் அதே அறிவின் வேறு பயன்.

மையும் தங்கத்தின் பக்கமே நின்றது. அன்றைய நீலக்கருப்பு மை, இரும்பு உப்பும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்த அமில மை. கல்வராயன், கொல்லி மலைகளில் விளைந்து சேலத்துச் சந்தைக்கு வந்த கடுக்காயோடு அன்னபேதி சேர்த்துக் காய்ச்சினால் கிடைப்பதும் அதே வகை மைதான். சாதாரண எஃகு நிப்பை அந்த மை சில மாதங்களில் அரித்துவிடும். 14 காரட் தங்கத்தை ஒன்றும் செய்யாது. எனவே ஒரு ஆசிரியரோ குமாஸ்தாவோ ஒருமுறை தங்க நிப்பு வாங்கினால், அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும் முதலீடு. ஆடம்பரம் என்று பெயர் பெற்ற உறுப்பு, ஆலையற்ற நாட்டில் உற்பத்திக்கும் உழைப்புக்கும் எளிய வழியாக மாறியது. ரத்னம் குடும்பத்தின் முதன்மையான புதுமையாக நான் கருதுவது இதைத்தான்.

இதற்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம். உழைப்பு நீடித்தாலும் முதல் விலை கூலிக்காரருக்கு எட்டாது. பள்ளிப் பிள்ளைக்கும் எட்டாது. அது உண்மை. இந்தப் பேனாவின் சமூக எல்லை வக்கீல், ஆசிரியர், அரசு ஊழியர் வரைதான். சுதேசி என்ற சொல் அந்த எல்லையை மறைத்துவிடக் கூடாது.

இங்கே சேலத்து வெள்ளிப் பட்டறைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் கொலுசு செய்யும் வீடுகளில் கம்பி இழுக்கிறவர் ஒருவர், அச்சில் அடிக்கிறவர் ஒருவர், பற்றவைக்கிறவர் ஒருவர், மெருகிடுகிறவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கிறது. நிப்புக்கு வேண்டிய கைத்திறன்கள் ஏறத்தாழ எல்லாமே அங்கே உண்டு. ஆயினும் சேலம் பேனாவூர் ஆகவில்லை. கைத்திறன் ஓரிடத்தில் இருப்பது மட்டும் போதாது. அதை வேறு பொருளின் பக்கம் திருப்புகிற ஒருவரும், அந்தப் பொருளைக் கேட்கிற ஒரு சந்தையும் வேண்டும். கொலுசுக்கு அப்படியொரு சந்தை ஏற்கெனவே இருந்தது. ராஜமுந்திரியில் பேனாவுக்குச் சுதேசி இயக்கம் அந்தச் சந்தையை உருவாக்கித் தந்தது.

4. எபனைட்டும் வெயிலும்

உடலுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது எபனைட். ரப்பரோடு அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தகம் சேர்த்து நீண்ட நேரம் வேகவைத்தால் கிடைக்கும் கெட்டிப் பொருள் அது. 1851இல் நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்றது. அமெரிக்காவில் 1924இல் ஷீஃபர் செல்லுலாய்டுக்கு மாறிய பிறகு எபனைட் பழைய பொருளாகிவிட்டது. இந்தியாவில் அது தங்கிவிட்டதைப் பின்தங்கல் என்று சேகரிப்பாளர்கள் எழுதுவது வழக்கம்.

கடைசல் பட்டறையில் நின்று பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. தடியை லேத்தில் பூட்டி உளியை வைத்தால் எபனைட் நாடா நாடாவாகச் சுருண்டு உதிர்கிறது. கந்தக வாடை எழுகிறது. மரை வெட்டும்போது நுனி சிதைவதில்லை. உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றினால் கண்ணாடிபோல மின்னுகிறது. அச்சில் வார்க்கத் தேவையில்லை, தீப்பற்றும் அபாயமும் செல்லுலாய்டுக்கு இருப்பதுபோல் இல்லை. கையால் கடைகிறவருக்கு இதைவிட இணக்கமான பொருள் கிடைப்பது அரிது. குறை ஒன்று உண்டு: ஈரமும் வெயிலும் பட்டால் கருப்பு வெளிறிப் பழுப்பாகிறது.

மை நிரப்பும் முறை பற்றிய குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது. மேற்கில் 1890களின் இறுதியிலிருந்தே ரப்பர் பை, நெம்புகோல், உந்துதண்டு என்று தானே மை உறிஞ்சும் முறைகள் வந்துவிட்டன. இந்தியப் பேனாவோ கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் உடலுக்குள் நேரே மை ஊற்றும் பழைய முறையிலேயே நின்றது. மை பாதிக்குக் கீழே போனதும் சொட்டு விழும் என்பது எல்லாருக்கும் தெரிந்த குறை.

அந்தச் சொட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 3 மில்லி கொள்ளும் பேனாவில் 1 மில்லி மை மிச்சம். மீதி 2 மில்லி காற்று. அறை வெப்பம் 30 பாகை, கைச்சூடு 37. கெல்வின் அளவில் 303இல் 7 பாகை கூடும்போது காற்று சுமார் 2.3 விழுக்காடு விரியும், அது 0.046 மில்லி. ஒரு சொட்டு மையின் அளவு ஏறத்தாழ 0.05 மில்லி. அதாவது ஒரு சொட்டுக்குச் சற்றுக் குறைவு. நாக்கின் வரிகள் அதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். இனி அதே பேனா ஷீஃபரின் அயோவாவிலோ பார்க்கரின் விஸ்கான்சினிலோ குளிர்காலத் தெருவில், 5 பாகையில், சட்டைப்பையில் இருந்து கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 278இல் 32 பாகை உயர்வு, விரிவு 11.5 விழுக்காடு, 0.23 மில்லி. நான்கு சொட்டுக்கு மேல். எந்த நாக்கும் அதைத் தாங்காது.

நேரே மை ஊற்றும் பேனாவைக் குளிர் நாடு கைவிட்டதற்குப் பல காரணங்களில் இதுவும் வலுவான ஒன்று என்பது என் ஊகம். ரப்பர் பை வைத்த பேனாவில் பைக்கும் உடலுக்கும் இடையே உள்ள காற்றிடைவெளி கைச்சூட்டை மையிடம் சேரவிடாமல் தடுக்கிறது. நம் சமவெளியிலோ சித்திரை, வைகாசியில் வெளிச்சூடே கைச்சூட்டை எட்டிவிடுகிறது; பேனா கைக்கு வரும்போது புதிதாகச் சூடாவதற்கு அதிகமில்லை. மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் தொல்லை. கோடைச் சூட்டில் முதலில் கெட்டுப்போவது ரப்பர் பைதான். பிசுபிசுத்து, இறுகி, வெடித்துவிடும், மாற்றுப் பை தேடி அலைய வேண்டும். நேரே ஊற்றும் பேனாவில் கெடுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. மையும் அதிகம் கொள்ளும். இதை வளராத தொழில்நுட்பம் என்பதைவிட, இந்த வெப்பத்துக்கும் பழுதுபார்க்கும் வசதி குறைந்த சிற்றூர்களுக்கும் பொருந்திய தேர்வு என்பதே சரி.

நாமக்கல் பக்கத்தவருக்கு இவ்வகைப் புதுமை புதிதல்ல. லாரிக்குக் கூண்டு கட்டும் நாமக்கல் பட்டறைகளும், ஆழ்துளைக் கிணற்று வண்டி செய்யும் திருச்செங்கோட்டுப் பட்டறைகளும் வெளியிலிருந்து வந்த இயந்திரத்தை எடுத்து, இங்குள்ள சாலைக்கும் பாறைக்கும் ஏற்ப உறுப்பு உறுப்பாக மாற்றித்தான் வளர்ந்தன. காப்புரிமைப் பதிவேட்டில் தேடினால் இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை அகப்படமாட்டா.

5. குமரப்பாவின் அளவுகோல்

பேனாவை வார்தாவுக்குச் சேர்த்தவர் ஜே. சி. குமரப்பா என்பதைக் கடிதம் போகிற போக்கில் சொல்கிறது. தஞ்சாவூரில் 1892இல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். நியூயார்க்கின் கொலம்பியாவில் பொருளியல் படித்தவர். பின்னாளில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். ஒரு பேனா முழுச் சுதேசியா என்று ஆராய இவரைவிடப் பொருத்தமான தணிக்கையாளர் இருந்திருக்க முடியாது.

ஆனால் அந்தக் கேள்வி தோன்றுவதைவிடக் கடினமானது. புதுப்பாளையத்துக் கதருக்கு அளவுகோல் தெளிவு: கையால் நூற்றதா, கையால் நெய்ததா? பருத்தியும் பக்கத்து வயலில் விளைகிறது. பேனாவை அப்படி அளக்க முடியாது. தங்கம் கோலாரிலிருந்து வரலாம். ரப்பர் திருவிதாங்கூர்த் தோட்டங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே விளைந்தது. ஆனால் நிப்பின் எழுதும் முனை தேயாதிருக்க அதில் ஒட்டும் ஆஸ்மிரிடியம் போன்ற உலோகம் அன்று தாஸ்மேனியாவிலிருந்தும் யூரல் மலைகளிலிருந்தும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்தும்தான் உலகச் சந்தைக்கு வந்தது. அந்த முனை இல்லாமல் தங்க நிப்பு நீண்ட நாள் எழுதாது. கடைசல் இயந்திரத்தின் பூர்வீகத்தையும் கேட்கத் தொடங்கினால் முடிவே இல்லை.

ஆகவே 'முழுச் சுதேசி' என்பதை மூலப்பொருளின் பிறப்பிடமாகக் கொண்டால் எந்தப் பேனாவும் தேறாது. செய்முறை யார் கையில் இருக்கிறது, கூலி எங்கே போய்ச் சேருகிறது, பழுதானால் யாரிடம் போக வேண்டும் என்ற மூன்றும்தான் நடைமுறையில் நிற்கக்கூடிய அளவுகோல். பின்னாளில் 'நிலைத்த பொருளாதாரம்' என்ற பெயரில் குமரப்பா விரித்த சிந்தனையும் இந்தப் பக்கமே சாய்கிறது. ரத்னம் பேனா இந்த மூன்றிலும் தேறும். ரத்தினச் சுருக்கமான அந்தக் கடிதத்தில் 'மாற்று' என்ற அளவோடு காந்தி நிறுத்திக்கொண்டது இதனால் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

6. திருவள்ளூரும் ஹைடல்பெர்க்கும்

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்நாட்டுப் பேனாவுக்கு அரணாக நின்றன. ராஜமுந்திரியிலேயே 1946இல் கைடர் தொடங்கியது. சென்னை பாரிமுனையின் ஜெம் அண்ட் கோ தன் காமா பேனாக்களால் பல தலைமுறை மாணவர்களையும் அலுவலர்களையும் எழுதவைத்தது. பிறகு பந்துமுனைப் பேனா வந்து விலையால் எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. மிச்சமிருந்த ஊற்றுப்பேனா ஆசையைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சீனத்து ஹீரோ பேனா பிடித்துக்கொண்டது. பார்க்கர் 51இன் மூடிய நிப்பை மலிவாகத் தந்ததே அதன் பலம்.

இருந்தும் கையால் கடையும் எபனைட் பேனா சாகவில்லை. திருவள்ளூரின் ரங்கா பட்டறை பல பத்தாண்டுகளாக அதே கடைசல் முறையில் பேனா செய்கிறது. இணையம் வந்தபின் அதன் வாடிக்கையாளர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். வடிவம், நீளம், தடிமன், மரை எல்லாம் கேட்கிறவர் விருப்பப்படி தனித்தனியாக வெட்டித் தர முடிவது ஆலைப் பேனாவுக்கு வாய்க்காத வசதி. 1935இல் ஏழ்மையின் விளைவாக இருந்த கைக்கடைசல், இன்று உலகச் சந்தையில் விலை பெறும் சிறப்பாகிவிட்டது.

நிப்பின் கதை வேறு திசையில் போய்விட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்பது ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பாக் நிறுவனத்து நிப்பையும் பெர்லின் யோவோ நிறுவனத்து நிப்பையும். ஆலையில் துல்லியமாகச் செய்து, கழுத்தோடு பொருந்தும் அலகாக வருவதால் பட்டறைக்கும் அதுவே சுலபம். முதல் பேனாவில் அந்நிய உறுப்புகள் இருந்ததால் வார்தா அதை ஏற்கவில்லை என்ற கதை உண்மையானால், இன்று ஏற்றுமதியாகும் தமிழகப் பேனாக்களில் பலவும் அதே காரணத்தால் திரும்பி வந்திருக்கும்.

வாங்குகிறவருக்கு நல்ல நிப்பு வேண்டும், அதைப் பட்டறை தருகிறது. இதில் குற்றம் காண எனக்கு உரிமையில்லை. ஆனால் தட்டார் கையால் தங்க நிப்பு தட்டிய அறிவு, கடைசல் அறிவைப்போல அடுத்த தலைமுறைக்குப் பரவலாகக் கைமாறவில்லை. கடைசலுக்குப் புதிய சந்தை வந்தது, நிப்புக்கு வரவில்லை. ரத்னம் பேனாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கடிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியதோடு நில்லாமல், நிப்பின் அச்சையும் கலப்பு அளவையும் பிளவு வெட்டிய கருவியையும் படமெடுத்து அளந்து பதிவுசெய்ய வேண்டும். செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ வெள்ளி வேலை அறிந்த ஒரு இளைஞரிடம் அந்தப் பதிவு போய்ச் சேர்ந்தால், அவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியது பிளவும் முனையும் மட்டுமே. மீதி வேலையை அவர் ஏற்கெனவே தினமும் செய்துகொண்டிருக்கிறார்.